பர்மியர் அடுக்களையும் திருநாட் பிரயாணமும்

நம் குலத்தாருடைய திருமணம், சாந்தி, புதுமனை புகுதல் முதலிய மங்கல நாட்களில் இலையிலே கவுணி அரிசி இடம்பெறாதிருப்பது அரிது. கருநிறமான அவ்வரிசியை முதல் நாளிரவே ஊற வைத்து, மறுநாள் ஆவியிற் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் கலந்து பரிமாறுகிறோம். இவ்வரிசி எங்கிருந்து வந்ததென்று குழந்தைகள் கேட்டால், "பர்மாவிலிருந்து" என்று அப்பத்தாமார் விடை சொல்வர். அதற்குமேல் அவர்கள் சொல்வதுமில்லை, நாம் கேட்பதுமில்லை.

பர்மாவைப் பற்றி நம் இல்லங்களிற் பேச்செழுந்தால் அது பெரும்பாலும் பொருளைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள், ஆச்சிமார் பேணிவைத்த மரவைகள், கைவிட்டுப்போன வயல்களின் ஏக்கர்க் கணக்கு, ஈடு கிடையாத பத்திரங்கள் என்றிவையே அப்பேச்சின் உள்ளடக்கம். நூறாண்டுக்கு மேல் நாம் தொழில் செய்த நாட்டிலே ஒரு குடியானவன் வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது, திருநாள் வந்தால் அவன் யாரோடு எங்கே புறப்பட்டான் என்பவற்றை நம் பேரேடுகள் எழுதி வைக்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. அந்நாட்டு அரிசியை உண்டவர் நாம். ஆதலால் அவ்வுப்பின் சுவையை இப்பொழுதேனும் அறிந்துகொள்வது நம் கடமையென்று கருதி இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நம்மவர் சென்ற வரலாறு

ஆங்கிலேயர் 1826-ல் அரக்கானையும் தெனாசரிமையும், 1852-ல் பெகு நாட்டையும், 1885-ல் மாந்தளையையும் கைக்கொண்டனர். முதற் போருக்குப் பின்னரே நம்மவர் மோல்மேன் பக்கம் காலூன்றினர். இரண்டாம் போருக்குப் பின் ரங்கூனிலும் ஐராவதியின் கழிமுகத்திலும் பரவினர். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. காடும் சதுப்புமாய்க் கிடந்த கழிமுகம் வயலாயிற்று. காடு திருத்தவும், ஏர்மாடு வாங்கவும், கூலி கொடுக்கவும் வேண்டிய பணத்தின் பெரும்பகுதி நம் பெட்டியடிகளிலிருந்து சென்றது. 1929-30-ல் விசாரணை செய்த பர்மா மாகாண பாங்கிக் குழுவார், நம்மவருடைய கடைகள் சுமார் 1,650 என்றும், அந்நாட்டில் அவர்கள் இட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டனர்.

இத்துணைப் பரந்த தொழில் செய்தும் நம்மவர் பர்மியர் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே சென்றது குறைவு. அதற்குக் காரணமுண்டு. கொண்டுவிற்கப் போனவர் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர். பெண்டு பிள்ளைகள் ஊரில் இருந்தனர். கிட்டங்கியிலே பெட்டியடி, மேலே படுக்கை, பின்கட்டில் நம்மூர்ச் சமையலாள், அருகே தண்டாயுதபாணி கோயில் என்று வாழ்க்கை ஒரு வட்டத்துள் அடங்கியிருந்தது. கணக்கு முடிந்ததும் கப்பலேறினர். ஆகவே வீட்டுக் கூடத்திலே பர்மியர் எப்படி உண்டனர் என்பதை நேரிற் கண்டவர் சிலரே. கண்டவரும் ஙப்பியின் நாற்றத்தைச் சொல்லிச் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டனர்.

நம் காலத்துக்கு நெடுநாள் முன்னரும் தென்னாட்டு வணிகர் அங்கே சென்றதுண்டு. பழைய தலைநகராகிய பகானிலே, 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. மலைமண்டலத்திலிருந்து போன குலசேகர நம்பி என்பார் அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியை அது கூறுகிறது. வாணிகத்தோடு விளக்கையும் கொண்டுபோன பழையோர் அவர் என்க.

பர்மியர் வீட்டு உணவு

இனி அடுக்களைக்குள் நுழைவோம். பர்மியர் உணவுக்குத் தலைமை சோறே. சோற்றுக்குத் 'தமின்' என்று பெயர். அதனோடு உண்ணும் குழம்புக்கு 'ஹின்' என்று பெயர். நம்மூரில் "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பதுபோல, அங்கும் வழியிற் கண்டவரை "தமின் சா பீ பீலா?" என்று வினவுவதே உபசாரம். 'சா' என்பதற்கு அவர் மொழியில் உண்ணுதல் என்பது பொருள். ஒலி ஒத்திருத்தல் தற்செயலாயினும், கருத்து ஒத்திருத்தல் தற்செயலன்று. சோற்றை நம்பி வாழும் இரு ஜனங்களும் முகமன் கூறுவதற்குப் பசியையே எடுத்துக்கொண்டனர்.

குழம்பு ஆக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டுவது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய் ஆகியவற்றை உரலில் இடித்து, மஞ்சள் கூட்டி, எண்ணெயில் வதக்குவர். பின்பு மீனையோ இறைச்சியையோ இட்டுச் சிறிது நீர்விட்டு மெல்லிய தீயில் வேக வைப்பர். நீர் முழுதும் வற்றி, முதலில் விட்ட எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும் பருவமே பக்குவம். இதனை அவர்கள் 'ஸீப்யன்' என்பர். எண்ணெய் திரும்பி வருதல் என்பது பொருள். மேலே நிற்கும் எண்ணெய் குழம்பைக் காற்றுப் படாமல் மூடிக் காப்பதால், வெப்ப நாட்டிலே காலையில் ஆக்கியது மாலைவரை கெடாதிருக்கும். எண்ணெய் மிகுதியைக் கண்டு ஊதாரித்தனம் என்று நினைத்தவர் இக்காரணத்தை அறியார்.

குழம்பைச் சூழ்ந்து பல சிறு கிண்ணங்கள் இருக்கும். தெளிந்த இலைச்சாறு ஒன்று. புளிப்புச் சாறு ஒன்று. புளிப்புக்கு அவர்கள் மிகவும் விரும்புவது 'சின்பௌங்' என்னும் இலை. அது வேறன்று, நம் புளிச்சைக் கீரையே. பச்சையாகவும் வேகவைத்தும் பலவகை இலைகளும் காய்களும் தட்டிலே குவிந்திருக்கும். அவற்றைத் தோய்த்துண்பதற்கு நடுவே ஙப்பிச் சாறு. ஙப்பி என்பது மீனையோ சிற்றிறாலையோ உப்பிட்டுப் புளிக்க வைத்து இடித்த விழுது. அதன் மணம் புதியவர்க்குப் பொறுக்கலாகாதுதான். ஆயினும் மழைக்காலத்து வெள்ளத்தில் மிகுதியாய்க் கிடைக்கும் மீனைக் கோடைக்கும் சேர்த்து வைக்க உப்பைத் தவிர வேறு வழியற்ற உழவர் கண்ட உபாயம் அது. ஏழை வீட்டிலே குழம்பு இல்லாத நாளுண்டு; ஙப்பி இல்லாத நாளில்லை. நம் வீடுகளில் ஊறுகாய்ச் சாடி செய்யும் உதவியை அங்கே ஙப்பிப் பானை செய்கிறது.

வீட்டார் தாழ்ந்த வட்டப் பலகையைச் சுற்றித் தரையிலமர்ந்து கையால் உண்பர். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று இருவேளைச் சோறே பழைய வழக்கம். இவ்விடத்து ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. உண்ணத் தொடங்குமுன் குழம்பில் முதற்பகுதியை எடுத்து வீட்டிலுள்ள மூத்தோர் தட்டிலே வைத்தபின்னரே ஏனையோர் கைவைப்பர். மூத்தவர் அன்று வீட்டிலில்லை எனினும் அவருக்கென முதற்பங்கை எடுத்து வைப்பதுண்டு. தூரத்திலிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும் அன்றாடம் செய்யும் வணக்கம் இது. கப்பலேறிய மகனை எண்ணி உலை வைக்கும்போதெல்லாம் கண்கலங்கிய நம் ஆத்தாமார் இதனை அறிந்திருந்தால், அந்நாட்டாரை அயலார் என்று கருதியிருக்க மாட்டார்கள்.

அயல்நாட்டுப் பண்டங்களை ஏற்றுத் தமதாக்கிக்கொள்ளுதலிலும் பர்மியர் வல்லவர். பட்டாணி வறுத்து விற்போரும், பரோட்டா அடிப்போரும், தோசை வார்ப்போரும் இந்தியாவிலிருந்து சென்றனர். பரோட்டா அங்கே 'பலாட்டா' ஆயிற்று. தோசையும் சமுஸாவும் ஊர்தோறும் பரவின. முகலாயர் தம் பிரியாணி 'டான்பௌக்' என்னும் பெயரால் விருந்துணவாயிற்று. கொண்டைக்கடலை மாவைக் கரைத்துக் காய்ச்சி உறையவைத்துச் சான் நாட்டார் ஒருவகைக் கட்டி செய்வர். நாட்டுணவு என்று பர்மியர் பெருமையோடு சொல்லும் மொஹிங்காவிலும் கடலை மாவோ வறுத்த அரிசி மாவோ குழம்பைத் திண்மையாக்குகிறது. ஆற்று மீனை எலுமிச்சம்புல்லோடு அவித்து, வாழைத்தண்டு நறுக்கியிட்டு, அரிசிச் சேவையின்மேல் ஊற்றி, முட்டையும் பொரித்த வடைத்துண்டும் மேலிட்டு உண்பது மொஹிங்கா. விடியற்காலையில் தெருமுனைகளில் இதனை விற்கும் பெண்களைச் சுற்றி, கூலிக்காரரும் குமாஸ்தாக்களும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர்.

லப்பெட்டும் வழக்குத் தீர்ப்பும்

தேயிலையைக் காய்ச்சிக் குடிப்பவர் உலகெங்கும் உளர். அதனை ஊறவைத்து உண்பவர் பர்மியரைப் போல் சிலரே. சான் மலைகளிற் பறித்த இளந்தளிரை ஆவிகாட்டி, அழுத்திப் பல மாதம் புளிக்க வைத்து, எண்ணெயும் வறுத்த எள்ளும் நிலக்கடலையும் பொரித்த பூண்டும் கூட்டி உண்பர். இதுவே லப்பெட். அறைகள் வகுத்த அரக்குப் பெட்டியில் இதனை வைத்து விருந்தினர்க்கு நீட்டுதல், நாம் வெற்றிலைத் தட்டு நீட்டுவது போன்றதாம். திருமணத்துக்கு அழைப்பதும் லப்பெட் கொடுத்தேயாம்.

நம் குலத்தார் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தியொன்று இதிலுண்டு. பர்மிய மன்னர் காலத்தில் உரிமை வழக்குகளிற் தீர்ப்புக் கூறியபின் வாதியும் பிரதிவாதியும் லப்பெட் உண்பர். இருவரும் உண்டுவிட்டால் தீர்ப்பை ஏற்றார் என்பது பொருள், அதன்பின் வழக்கில்லை. ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின் அவ்வழக்கம் நீங்கி, முத்திரைக் காகிதமும் ஈட்டுப் பத்திரமும் டிக்கிரியும் அவ்விடத்தைப் பெற்றன. எழுத்தறிந்த நமக்கு அப்புதுமுறை அனுகூலமாயிருந்தது. ஒரே தட்டில் கைவைத்துப் பகையை முடிக்கும் பழைய முறைக்குப் பழகிய உழவனுக்கு, கச்சேரியிற் கிடைத்த காகிதம் முடிவாகத் தோன்றியிருக்குமோ? சட்டப்படி கணக்குத் தீர்ந்தது, மனம் தீரவில்லை. பின்னாளில் நேர்ந்தவற்றை எண்ணும்போது இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

திருநாட் பிரயாணம்

நிற்க. பர்மியர் பிரயாணத்தில் விருப்பமுடையவர். ஆனால் அப்பிரயாணம் பெரும்பாலும் பகோடாவை நோக்கியதே. வருஷத்தின் நடையை மழையும் பௌத்த சமயமும் சேர்ந்து வகுத்துள்ளன. ஆடி மாதம் ஏறக்குறையத் தொடங்கும் வஸ்ஸ காலம் மூன்று மாதமும் துறவிகள் மடத்தை விட்டுச் செல்லார். இல்லறத்தார் திருமணம் செய்யார். அம்மூன்று மாதமும் வயலில் நாற்றும் நடவும் நடைபெறும். ஐப்பசி வாக்கில் வரும் தடிஞ்சுட் பௌர்ணமியில் விரதம் முடிந்து வீடெங்கும் விளக்கேற்றுவர். இளையோர் பண்டங்களோடு சென்று பெற்றோரையும் ஆசிரியரையும் வணங்குவர். அறுவடை முடிந்து களத்திலே நெல் குவிந்ததும் வண்டிகள் பூட்டப்படும்.

கியன்ஸித்தா மன்னன் பகானில் எடுப்பித்த ஆனந்தக் கோயில் திருவிழா அவ்வகையிற் புகழ்பெற்றது. தை மாதத்தை ஒட்டிய பௌர்ணமிக்குச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூண்டு வண்டிகள் வரிசையாக வரும். வண்டியிலே அரிசி, எண்ணெய், ஙப்பிப் பானை, வெல்லம், பாய், குழந்தைகள் எல்லாம் ஏறியிருக்கும். கோயிலைச் சுற்றி வண்டியடியிலேயே அடுப்பு மூட்டிப் பல நாள் தங்குவர். அங்கே ஆண்டுக்கு வேண்டும் பானை, பாய், அரக்குப் பாத்திரம், பனைவெல்லம் ஆகியவற்றை வாங்குவர், கூத்துப் பார்ப்பர், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவர்.

இதனைப் படிக்கும்போது நம்மவர்க்குப் பழனி யாத்திரை நினைவுக்கு வராமற் போகாது. தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து நடப்பதும், வண்டிகளிற் சமையற் சாமான்கள் உடன்வருவதும், தங்குமிடந்தோறும் அன்னம் படைப்பதும் நமக்குப் புதியன அல்லவே. அதே தை மாதத்தில், அதே முழுநிலவை நோக்கி, வங்கக் கடலின் இருகரையிலும் இரு ஜனங்கள் வண்டிகட்டி நடந்தனர். ஒருவரையொருவர் அறியாமல் நடந்தனர் என்பதொன்றே குறை.

வழிப்போக்கர்க்குப் பர்மியர் செய்த உபகாரமும் நம் தருமத்தை ஒத்தது. ஊர்ப்புறங்களிலும் பகோடா வழிகளிலும் 'ஸயாத்' என்னும் தங்கு மண்டபங்கள் கட்டுவித்தனர். அவற்றுள் எவரும் காசின்றித் தங்கலாம். பாதையோரத்து நிழலில் சிறு பந்தலிட்டு மண்பானைகளில் குளிர்ந்த நீர் நிரப்பி, அகப்பையோடு வைப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் புண்ணியம். காசி முதல் இராமேசுவரம் வரை சத்திரங்கள் எடுத்த நம்மவர், ரங்கூனிலிருந்து வயல் பார்க்கப் போகும்போது அப்பானை நீரைக் குடித்திருப்பர். அந்த ஸயாத்துகளில் இளைப்பாறியும் இருப்பர். ஆதலின் அவர் உப்பை உண்ணவில்லை என்று நாம் சொல்லினும், அவர் நீரை உண்டிலோம் என்று சொல்ல இயலாது.

மாசி மாதத்தில் 'தமனே' கிண்டும் விழா வரும். பெரிய இரும்புக் கொப்பரையில் ஒட்டரிசியை எண்ணெயோடு இட்டு, இஞ்சி, எள், நிலக்கடலை, தேங்காய்க் கீற்று ஆகியவற்றைச் சேர்த்து, ஆடவர் இருவர் துடுப்புப் போன்ற கட்டைகளால் வலிவுடன் கிண்டுவர். மற்றொருவர் கொப்பரையைப் பிடித்துக்கொள்வார். வெந்ததை வாழையிலையிற் பொதிந்து முதலில் மடத்துக்கும், பிறகு வீடுதோறும் அனுப்புவர். தனக்கென ஒருவன் தமனே கிண்டிக்கொள்வது வழக்கமன்று. அஃது ஊர் கூடிச் செய்து ஊர் கூடி உண்பது.

எல்லாவற்றினும் பெரியது சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் தின்ஜான். ஸங்கிராந்தி என்னும் வடசொல்லின் திரிபே அப்பெயர். நாம் ஏப்ரல் 14-ல் வருஷப் பிறப்புக் கொண்டாடும்போது அவர்களும் புத்தாண்டை எதிர்நோக்கி மூன்று நான்கு நாள் ஒருவர்மேலொருவர் நீர் தெளித்து மகிழ்கின்றனர். சக்கன் என்னும் தேவர்கோன் மண்ணுலகுக்கு இறங்கி நல்லோர் தீயோர் பெயரை எழுதிச் செல்கிறான் என்பது அவர்தம் நம்பிக்கை. வேங்கையினத்தைச் சேர்ந்த பிடௌக் மரம் அப்பொழுது பொன்னிறமாய்ப் பூக்கும். பெண்கள் அதனைச் சூடுவர். நகரத்தில் வேலை பார்ப்போர் பிறந்த ஊருக்குத் திரும்பும் காலமும் இதுவே. வழிநெடுகப் பந்தலிட்டு வருவோர் போவோர் அனைவர்க்கும் சோறும் பண்டமும் நீரும் வழங்குவர். 'சதுதித்தா' என்று இதற்குப் பெயர். நான்கு திசையினின்றும் வருவோர்க்கு என்னும் பாலிச் சொல்லே அது. இன்னார் இனியார் என்று வினவுவதில்லை. அந்நாட்களில் அரிசிமா உருண்டைக்குள் பனைவெல்லம் வைத்துக் கொதிநீரிலிட்டு, மேலே மிதந்ததும் எடுத்துத் தேங்காய் தூவிக் கொடுப்பர். விளையாட்டுக்காகச் சில உருண்டைகளில் வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாயை வைத்துவிடுவதும், கடித்தவன் துள்ளுவதைக் கண்டு எல்லாரும் நகைப்பதும் உண்டு.

புகைவண்டியும் கப்பலும்

ஆங்கிலேயர் காலத்தில் இப்பிரயாணங்கள் புதுவேகம் பெற்றன. 1865-ல் ஐராவதிக் கப்பற் கம்பெனி தோன்றியது. 1877-ல் ரங்கூனிலிருந்து பிரோமுக்கும், 1889-ல் மாந்தளைக்கும் புகைவண்டி ஓடிற்று. ஆற்றுக் கப்பல்களின் தளத்திலேயே கடைகள் பரப்பி வாணிகம் செய்ததால் கப்பல் வரும் நாளே கரையூர்களுக்குச் சந்தை நாளாயிற்று. பல நாள் வண்டிவழி ஓர் இரவில் முடிந்தமையால், பங்குனியை ஒட்டிய பௌர்ணமியில் ஷ்வேதகோன் திருவிழாவுக்குத் தொலைவிலுள்ள உழவரும் குடும்பத்தோடு ரங்கூன் வந்தனர்.

இங்கே ஒரு முரண் தோன்றியது. அறுவடை முடிந்து நெல் விற்ற காலமே யாத்திரைக் காலம். அதுவே நம் பெட்டியடியில் கடன் அடைக்கும் காலமும் ஆகும். ஆகவே, "பர்மியன் கைப்பணத்தைப் பகோடாவுக்கும் கூத்துக்கும் விருந்துக்கும் செலவிட்டுவிட்டுப் பிறகு நம்மிடம் வருகிறான்" என்று ஆங்கில அதிகாரிகளும் பேசினர், நம்மவரும் பேசினர். அப்பேச்சைச் சற்று ஆராய்வோம். நாமும் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் திருமணச் சீருக்கும் இலட்சக்கணக்கில் செலவிட்டவரே. நம் செலவைத் தருமம் என்றும், அவர் செலவை ஊதாரித்தனம் என்றும் சொல்வது நடுவுநிலைமை ஆகுமா? மேலும், உழவரை வீழ்த்தியது திருநாளன்று. 1930-ல் உலகச் சந்தை சரிந்து, ஓராண்டுக்குள் நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. விலை பாதியாயினும் கடன் பாதியாகவில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முதன்மையான 13 ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நம்மவர் நிலம், அவ்வாண்டுகளின் இறுதியில் நூற்றுக்கு 25 பங்காயிற்று.

நிலம் வேண்டுமென்று நம்மவர் கேட்டதில்லை. பணம் திரும்பினாற் போதுமென்றே இருந்தனர் என்று நம் பெரியோர் சொல்வது முழுதும் உண்மையே. பெட்டியடிப் பணத்தில் ஒரு பகுதி பிறர் வைப்புப் பணம் ஆதலால் அதற்கும் வட்டி கொடுத்தாகவேண்டும். ஆயினும் தன் பாட்டன் காடு திருத்திய வயலில் தானே குத்தகையாளாய் நின்ற உழவன் கண்ணுக்கு அவ்வுண்மை தெரிந்திராது. தமனே கிண்ட ஒட்டரிசியும், சதுதித்தாவுக்குச் சோறும் இல்லாத வீட்டில், பத்திரத்தின் நியாயத்தை யார் ஆராய்வார்?

பிரிவு

பின் நிகழ்ந்தவை நாம் அறிந்தனவே. 1937-ல் பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் நகரம் அவர் கைப்பட்டது. சுமார் 5 லட்சம் இந்தியர் கடல்வழியும் மலைவழியும் தப்பியோட, பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் வழியில் மாண்டனர். திருநாட்களில் ஜனங்களைச் சுமந்த ஐராவதிக் கப்பல்கள் பகைவர் கைக்குச் செல்லலாகாதென்று ஆற்றிலேயே மூழ்கடிக்கப்பட்டன. 1948-ல் நாடு சுதந்தரம் பெற்று நிலங்களைச் சர்க்காருடைமையாக்கும் சட்டம் செய்தது. 1962-ல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964-ல் கடைகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதையொட்டிய ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர் வெறுங்கையராய்க் கப்பலேறினர்.

அவ்வாறு வந்தவருட் பெரும்பாலோர் நம்மவர் அல்லர். துறைமுகக் கூலிகள், சிறு கடைக்காரர், தையற்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்த ஏழைத் தமிழர் ஆகியோரே அவர்கள். சென்னையில் 1969-ல் அமைந்த பர்மா பஜாரும், நம் காரைக்குடி உட்படப் பல ஊர்களிலுள்ள பர்மா காலனிகளும் அவர்கள் குடியேற்றத்தின் அடையாளங்கள். அவர்கள் தேக்கு கொண்டுவரவில்லை, கெம்புக்கல் கொண்டுவரவில்லை, கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தனர். சென்னைக் கடற்கரை வீதியில் மாலைதோறும் வண்டியடுப்பில் விற்கப்படும் அத்தோவும் மொஹிங்காவும் அவர்கள் கொண்டுவந்த செல்வமே. கையாற் கலந்த பண்டம் என்னும் பொருளுடைய 'அதோக்' என்ற பர்மியச் சொல்லே அத்தோ என்று மருவிற்று. 75 கோடி முதலிட்ட நாம் கவுணி அரிசி ஒன்றையே அடுக்களைக்குக் கொண்டுவந்தோம்; ஒரு மூட்டையோடு வந்தவர் ஒரு நாட்டின் காலையுணவையும் மாலையுணவையும் கொண்டுவந்து, அதனாற் பிள்ளைகளைப் படிக்கவும் வைத்தனர். இதனை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பும் சிறிது நாணமும் உண்டாகின்றன.

அந்தக் கவுணியேனும் எதனைச் சொல்கிறதென்று பாருங்கள். ஒட்டரிசிக்குப் பர்மிய மொழியில் 'கௌக்ஞின்' என்று பெயர். அப்பெயரே கவுணி என மருவிற்று என்பர். கருநிற ஒட்டரிசியை ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் எள்ளும் தூவி உண்பது அங்கே ஏழைமக்களின் காலைச் சிற்றுண்டி. நாம் மங்கல விருந்தாகப் போற்றும் பண்டம், அங்கே வயலுக்குப் போகும் உழவன் இலைப்பொதியில் கொண்டுபோவது. எந்த உழவன் வீட்டு அடுப்பை நாம் காணவில்லை என்றோமோ, அவ்வடுப்பினின்றே நம் மணப்பந்தலுக்கு ஒரு பங்கு வந்திருக்கிறது.

முடிவுரை

பர்மா 1989 முதல் மியன்மார் என்றும், ரங்கூன் யாங்கோன் என்றும் வழங்கப்படுகின்றன. 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் உள்நாட்டுப் போர் மூண்டு, திருநாளுக்கு ஊர் திரும்பும் வழிகள் பல அபாயமுடையனவாயின. 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ தின்ஜான் விழாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நான்கு மாதம் கழியுமுன், 2025 மார்ச் 28-ல், மாந்தளையும் சகாயிங்கும் பெரும் பூகம்பத்தால் இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டுத் தின்ஜானில் பலர்க்கு ஊருண்டு, வீடில்லை.

இந்நிலையில் நம் குலத்தார் செய்யத்தக்கவை சில உண்டு. பர்மாவில் இருந்தவர்களுடைய பிள்ளைகளும் மருமக்களுமாகிய முதியோர் இன்னும் சிலர் நம் ஊர்களில் உளர். அவர்கள் கேட்டறிந்த பண்டங்களையும் திருநாட்களையும், கணக்கேட்டில் ஏறாத நன்றிகளையும் அவர் வாய்மொழியாகவே எழுதி வைத்தல் வேண்டும். பழைய கடிதங்களில் வட்டிக் கணக்கின் நடுவே ஒரு வரி வேறு செய்தி இருக்கக்கூடும். கடிதங்களை எடைக்குப் போடுமுன் படித்துப் பாருங்கள். நம்மூர்ப் பர்மா காலனிகளில் வாழ்வோரை அயலாராக எண்ணாது அவர்களிடமும் கேட்டறிதல் நன்று. இவ்விஷயத்தில் அவர்களே நமக்கு ஆசிரியர்.

இறுதியாக ஒன்று. நிலத்தின் கணக்கு முடிந்துவிட்டது. அதனை மீண்டும் திறப்பதாற் பயனில்லை. நன்றியின் கணக்கோ இன்னும் நிலுவையில் உள்ளது. அடுத்த முறை நம் வீட்டு விருந்துக்குக் கவுணி அரிசி வேகும்போது, பர்மியர் தம் மூத்தோர்க்குச் செய்வதுபோல், பரிமாறுமுன் முதற் கரண்டியை ஓர் இலையில் எடுத்து வைப்போமாக. யாருக்கென்று குழந்தைகள் கேட்பர். அப்பொழுது "பர்மாவிலிருந்து" என்னும் ஒரு சொல்லோடு நிறுத்தாமல், இக்கதை முழுவதையும் அவர்களுக்குச் சொல்வோமாக.